மாடியக்கா எத்தனை தடவை இறங்கினாள்

ஒன்பது மணி நேரம் நாற்பது நிமிடம். காலையில் கிரேன் ஏணியில் ஏறிய மாடியக்கா, கால் தரையில் படாமல் மேலேயே இருந்த நேரம் அது. போன கட்டடத்தில், கடைசித் தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றிய நாளில் வைத்த கணக்கு. அந்தக் கம்பெனியில் இன்றுவரை யாரும் அதைத் தாண்டவில்லை. தாண்டிக் காட்டுகிறேன் என்று மார்தட்டிய இரண்டு ஆண் ஆபரேட்டர்களும் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் சத்தமில்லாமல் இறங்கிவிட்டார்கள்.

டவர் கிரேன் ஓட்டுகிறவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். ஏறினால் ஏறினதுதான். நூற்றுத் தொண்ணூறு படி. இறங்கிப் போய்த் திரும்ப ஏறி உட்கார அரை மணி நேரம் பிடிக்கும். அந்த அரை மணியும் கொக்கி அந்தரத்தில் சும்மா நிற்கும்; கொக்கி நின்றால் கீழே நாற்பது பேருடைய கையும் நிற்கும். ஆகவே அடிக்கடி இறங்காதவரே நல்ல ஆபரேட்டர். எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை. புத்தகத்தில் இருப்பதையெல்லாம் விட இதைத்தான் எல்லோரும் மதித்தார்கள்.

அப்படிப்பட்டவள் அந்தச் செவ்வாய்க்கிழமை நான்கு தடவை இறங்கினாள்.

எண்ணியது அவள் புருஷன். வேண்டுமென்று எண்ணவில்லை. மேலே பார்ப்பதுதான் அவருக்கு வேலையே. அவள் கேபினில் உட்கார்ந்து கொக்கியை ஓட்டுவாள். அவர் சுமை இறங்கும் இடத்தில் நின்று கையால் சிக்னல் காட்டுவார். அவர் விரலை மடக்கினால் கொக்கி ஒரு சாண் இறங்கும். முஷ்டியை மூடினால் நிற்கும். வீட்டில் அவள் சொல்லி அவர் கேட்கிறார், இங்கே அவர் சொல்லி அவள் கேட்கிறாள், கணக்கு நேராகிவிட்டது என்று ஆட்கள் சிரிப்பார்கள். அவளுக்கு மாடியக்கா என்று பெயர் வைத்தவர்களே அவருக்குக் கீழ்வீட்டுக்காரர் என்றும் வைத்திருந்தார்கள்.

நான்காவது தடவை அவள் இறங்கிக் கழிப்பறைப் பக்கம் விறுவிறுவென்று போனபோது, கம்பி கட்டும் மேஸ்திரி அவர் பக்கத்தில் வந்து நின்றார். மேஸ்திரி அவளுடைய அண்ணன்.

"என்ன மாப்ள, வீட்டுல சண்டையா? என் தங்கச்சி நிமிஷத்துக்கு ஒரு தரம் இறங்கி வந்து உன் மூஞ்சியப் பாத்துட்டுப் போகுது."

"சண்டைன்னா மேலயேதான மச்சான் இருப்பா? இறங்கவே மாட்டாளே."

"அதுவும் சரிதான்" என்று மேஸ்திரி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உடம்பு எதாவது சரியில்லையா?" என்று கேட்டார்.

"தெரியல மச்சான்."

தெரியாமல் இல்லை. முந்தின வாரம் மகளுக்கு இருமல் மருந்து வாங்க மருந்துக்கடைக்குப் போனபோது, சுவரில் ஒட்டியிருந்த தாளை அவர் வாசித்திருந்தார். அடிக்கடி தாகம். அடிக்கடி சிறுநீர். உடம்பு இளைத்தல். அசதி. கண் மங்கல். புண் ஆறாமல் இருத்தல். ஆறு வரி, அடியில் வெறும் வயிற்றுக்கு எல்லை நூற்று இருபத்தாறு என்று ஒரு எண். அவள் இடுப்பில் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டில் இரண்டு துளை உள்ளே போயிருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு இன்னொரு சொம்பு மொண்டாள். ஏணியில் உரசிய முழங்கை இருபது நாளாகக் காயவில்லை. கடைக்காரர் இரண்டு தடவை "என்ன வேணும்?" என்று கேட்ட பிறகுதான் அவருக்குக் காதில் விழுந்தது.

கண் மங்கல் என்ற வரியை மட்டும் அவர் மனதுக்குள் தள்ளி வைத்தார். காரணம் இருந்தது. ஆபரேட்டரின் கண் சந்தேகம் என்று ஒரு வரி எழுதினால் போதும், அவரை அன்றைக்கே இறக்கிவிடுவார்கள். நாற்காலி வேறு ஆளுக்குப் போகும். போன நாற்காலி திரும்பி வருவது லேசில்லை.

அந்த நாற்காலிக்கு வர அவளுக்குப் பதினோரு வருடம் பிடித்தது. செங்கல் சுமந்தாள், கம்பி வளைத்தாள், கொக்கியில் சுமை மாட்டினாள். மாட்டிக்கொண்டே அண்ணாந்து பார்த்துக் கற்றுக்கொண்டாள். பரீட்சைக்கு வந்த பதினாறு பேரில் அவள் ஒருத்திதான் பெண். விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய வாளியைக் கொக்கியில் மாட்டி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து ஒரு ஸ்டூலின் மேல் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். ஸ்டூல் நனையவில்லை. அன்றைக்குக் கூட்டத்தில் நின்று பார்த்த சிக்னல்காரருக்கு, இவள் என் பெண்டாட்டி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. தெரியாதவர் ஒருவரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மெல்லப் பேச்சை எடுத்தார்.

"ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாப்பமா?"

"எதுக்கு?"

"சும்மா. சர்க்கரை இருக்கான்னு."

"டப்பாவுல இருக்கு, போய்ப் பாருங்க."

"விளையாடாத. இன்னைக்கு நாலு தடவை இறங்குன."

அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள். "எண்ணுனீங்களா?"

"கண்ணுல பட்டுச்சு."

"கட்டுன பொண்டாட்டி ஒண்ணுக்குப் போறதை எண்ணிக்கிட்டு நிக்கிற ஆளை நான் வேற எங்கயும் பாத்ததில்லைங்க" என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

மறுநாள் அவள் ஒரே ஒரு தடவைதான் இறங்கினாள். அதற்கு மறுநாள் இறங்கவே இல்லை. மேஸ்திரி கீழிருந்து கும்பிடு போட்டார். சிக்னல்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. வாக்கி-டாக்கியில் அவள் குரல் நாக்கு ஒட்டிக்கொண்டதுபோல் வந்தது. இன்னொன்றும் இருந்தது. முன்பெல்லாம் கை சிக்னலே போதும் என்பாள். வாக்கியில் பேசினால், "தொணதொணக்காதீங்க, கை தெரியுது" என்று வெட்டுவாள். இப்போது, "வாயாலயும் சொல்லுங்க" என்றாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டில் அவள் பையைத் தூக்கி மேலே வைக்கப் போனார். உள்ளே ஏதோ கடகடத்தது. திறந்து பார்த்தார். ஆரஞ்சு ஜூஸ் பாட்டில்கள், நான்கும் காலி. தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

"இது என்னம்மா?"

"ஜூஸ்."

"நாலா?"

"தண்ணி குடிச்சா உடனே இறங்கணும். ஜூஸ் உடம்புல நிக்கும். கிரேன்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நீங்க கீழ நிக்கிற ஆளு, உங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

தாகத்துக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஒரு நாளைக்கு நான்கு பாட்டில் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். அதையும் ஒழுங்காக, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக் குடித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, பதினான்காவது தளத்தில் கம்பிக் கட்டு ஒன்றை இறக்கினார்கள். மேஸ்திரி தூணருகில் குனிந்திருந்தார். சிக்னல்காரர் அவருக்குப் பத்தடி தள்ளி நின்றார். கட்டு சுற்றி வந்தது. நிற்க வேண்டிய இடத்தில் அவர் முஷ்டியை மூடினார். வாக்கியின் பொத்தானை அழுத்தவில்லை. அந்த ஒரு தடவை மறந்துவிட்டார். இருபது வருடப் பழக்கம், கையே போதும் என்று இருந்துவிட்டார்.

கட்டு நிற்கவில்லை.

"நிறுத்து! நிறுத்து!" என்று அவர் வாக்கி இல்லாமலே கத்தினார், பிறகுதான் பொத்தானை அழுத்தினார். மேஸ்திரி பின்னால் பாய்ந்து விழுந்தார். அவர் நெஞ்சு இருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, கம்பி முனைகள் ஆடி ஆடி நின்றன.

பிறகு வாக்கியில் அவள் குரல் கேட்டது. "கீழ… யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகல."

"காத்து" என்றாள். "திடீர்னு காத்து தள்ளிடுச்சு."

அவர் அண்ணாந்து பார்த்தார். கிரேன் கை முனையில் காற்றுப் பார்க்கக் கட்டியிருந்த துணிக்கொடி, துவைத்துக் காயப்போட்டதுபோல் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றார். "காத்து."

நூலிழையில் தப்பிய சம்பவங்களை எழுத ஒரு நோட்டு உண்டு. காரணம் என்ற இடத்தில் சிக்னல்காரர் காற்று என்று எழுதினார். அந்த நோட்டில் அவர் எழுதிய முதல் பொய் அது. பேனாவை மூடும்போது மேஸ்திரி வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"காத்தா மாப்ள? பக்கத்துல வச்ச என் டீயில ஆவி நேரா மேல போய்க்கிட்டு இருந்துச்சு."

மேஸ்திரி அவர் முகத்தைப் பார்த்தார், நிமிர்ந்து கேபினைப் பார்த்தார். "அவளை எங்கயாவது கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அவளாகவே சொன்னாள். "டெஸ்ட் எடுத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை."

நல்ல வேளையாக சனி முதல் செவ்வாய் வரை கிரேன் ஓடாது. வருடத்துக்கு ஒரு தடவை நான்கு நாள் அதைச் சோதிப்பார்கள். அது முடிந்த புதன்கிழமை ஆபரேட்டரைச் சோதிப்பார்கள். கிரேனுக்கும் வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்களா என்று மேஸ்திரி வருடா வருடம் கேட்பார். இந்த வருடம் கேட்கவில்லை.

டெஸ்டை அவள் பரீட்சையாகவே எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து வெள்ளரிக்காய், வேகவைத்த முட்டை, தண்ணீர். வேறொன்றும் தொடவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றபோதும் கண் அந்தப் பக்கம் போகவில்லை. சிக்னல்காரர் இது சரியில்லை என்று நினைத்தார். ஆனாலும் பார்க்கப் பார்க்க வியப்பாக இருந்தது. சுமையை ஓட்டும்போது இருக்கும் அதே முகம். பசியைக்கூட அவள் அங்குலம் அங்குலமாகத்தான் இறக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை லேபில் ரத்தம் எடுத்தது ஒரு இளம்பெண். குரல் வெளியே வரவே கூச்சப்படும் பெண். அரை மணி நேரம் கழித்துத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். வெறும் வயிற்றில் நூற்றுப் பத்தொன்பது.

"நூத்தி இருபத்தாறுதான எல்லை?" என்றாள் மாடியக்கா. மருந்துக்கடைச் சுவரை அவளும் வாசித்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "பாத்தீங்களா? பாஸ்."

அந்தப் பெண் போகாமல் நின்றாள். "அக்கா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"வெள்ளரிக்கா. முட்டை."

"முந்தாநேத்து?"

"சாயங்காலத்துலேர்ந்து அதேதான்."

"வழக்கமா?"

மாடியக்கா தாளை நாலாக மடித்தாள்.

"வழக்கமா நாலு பாட்டில் ஆரஞ்சு ஜூஸ்" என்றார் சிக்னல்காரர்.

"உங்களைக் கேட்டாங்களா?"

பெண் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "ரெண்டு நாள் பட்டினி இருந்தா யாருக்குமே குறையும்க்கா. அப்படியும் இது நூறுக்கு மேலதான் இருக்கு. இந்த டெஸ்ட் இன்னைக்குக் காலையில எவ்ளோன்னு மட்டும்தான் சொல்லும். மூணு மாசத்துச் சராசரியைச் சொல்ற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. அதுக்குப் பட்டினி கிடக்க வேணாம்." கொஞ்சம் நிறுத்தி, "கிடந்தாலும் அது ஏமாறாது" என்றாள்.

மாடியக்கா அவளையே பார்த்தாள். பிறகு, அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"எங்க கேபின்ல ஒரு மீட்டர் இருக்கும்மா. எத்தனை சுமை தூக்குனேன், எத்தனை தடவை அளவுக்கு மேல தூக்குனேன்னு அதுபாட்டுக்கு எழுதிக்கிட்டே இருக்கும். கடைசி நாள் நல்ல பிள்ளையா இருந்தாலும் விடாது. அது மாதிரியா?"

"அதே மாதிரிதான்க்கா."

"அப்ப எடு" என்று சட்டைக் கையை மறுபடி மடக்கி நீட்டினாள்.

ஒன்பது புள்ளி ஒன்று. ஆறரையைத் தாண்டினாலே சர்க்கரை நோய் என்று டாக்டர் திங்கட்கிழமை சொன்னார். மாத்திரை எழுதினார். தண்ணீரை நிறுத்துவது ஆபத்து, நிறையக் குடிக்க வேண்டும் என்றார். ஜூஸை நிறுத்தச் சொன்னார். சர்க்கரை கூடினால் கண் மங்கும், இறங்கினால் சில வாரங்களில் பெரும்பாலும் தெளியும், எதற்கும் கண் டாக்டரைப் பாருங்கள் என்றார். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"கட்டட வேலை" என்றாள்.

எத்தனாவது மாடி உயரத்தில் என்று அவர் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை. சிக்னல்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அவள் அழுவாள் என்று நினைத்தார். அவளோ நேராகக் காய்கறிக் கடைக்குப் போனாள். அன்று மதியம் தன் தட்டில் விரலால் கோடு போட்டாள். பாதி காய். கால் பங்கு சோறு. கால் பங்கு பயறு. "கொக்கி தூரமாப் போகப் போக எடையைக் குறைக்கணும்ல, கேபின்ல இருக்கிற அந்தச் சார்ட் மாதிரிதான் இதுவும்" என்றாள். சோற்றில் ஒரு கரண்டி அதிகமாகத் தெரிந்தபோது திரும்பப் பாத்திரத்தில் போட்டாள். முகம் சுளிக்கவில்லை, தியாகம் செய்கிறவள்போல் பெருமூச்சும் விடவில்லை. செய்ய வேண்டியதைத் தெரிந்துகொண்டாள், செய்தாள். இப்படி ஒருத்தியோடு பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தியும் தனக்கு இன்னும் இவளைப் பார்த்து வாய் பிளக்கிறதே என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமையைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. செவ்வாய் முழுக்க அது வீட்டுக்குள் நாலாவது ஆள்போல் உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை காலை, பாதுகாப்பு அதிகாரியின் அறை. இரும்புப் பெட்டி மாதிரி ஒரு அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஆணியில் தொங்கும் தலைக்கவசங்கள், ஜன்னலுக்கு வெளியே கிரேன். அதிகாரி நல்ல மனிதர். அவசரக்காரர். நான்கு நாள் நின்ற வேலை அவர் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. படிவத்தை எடுத்து, நிமிராமலே கேட்டுக்கொண்டு போனார். பேனா ஒவ்வொரு கட்டத்திலும் 'இல்லை' மேலேயே விழுந்தது.

"தலைசுத்தல் இல்ல. வலிப்பு இல்ல. பிரஷர் இல்ல. சர்க்கரை…"

"இருக்கு சார்."

பேனா நின்றது. அவள் இரண்டு தாள்களையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். அதிகாரி வாசித்தார்.

"மாத்திரை?"

"எடுத்துக்கறேன். ரெண்டு நாளா. சாப்பாடும் மாத்திட்டேன்."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்து முதல் தடவையாக அவளைப் பார்த்தார். "சொன்னீங்க பாருங்க, இதுக்கே உங்களைப் பாராட்டணும்மா. எங்க அண்ணனுக்கும் இருக்கு, பத்து வருஷமா லாரி ஓட்டறாரு. சர்க்கரைக்காக யாரும் உங்களைக் கீழ இறக்க மாட்டாங்க."

சிக்னல்காரர் மூச்சு விட்டார்.

"கண்ணு நல்லாத் தெரியுதுல்ல? எனக்கு அது ஒண்ணுதான். தெரியுதுன்னா ஆமான்னு சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுட்டு ஏறுங்க. பதினாலாவது மாடியில எல்லாரும் உங்களுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க."

ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டால் நாற்காலி அவளுடையது. சில வாரத்தில் கண் தெளியும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அதுவரை வாக்கியில் பேசியே ஒப்பேற்றிவிடலாம். பொத்தானை விட்டு விரலை எடுக்கவே கூடாது, அவ்வளவுதான். சிக்னல்காரர் மனதுக்குள் இவ்வளவும் ஓட்டிப் பார்த்தார். ஓட்டிப் பார்த்ததற்காகத் தன்னையே நொந்துகொண்டார். நோட்டில் எழுதிய கை அவர் மடியில் கிடந்தது. நாமே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். அவள் மேசைக்கடியில் அவர் முழங்காலைத் தொட்டு, வேண்டாம் என்பதுபோல் அழுத்தினாள்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கிரேன் கை நீளத்துக்கும் எடை அளவுகள் எழுதிய பலகைகள் தொங்கின. இங்கிருந்தே வாசிப்பாள் முன்பெல்லாம். கண்ணைச் சுருக்கினாள். இன்னும் கொஞ்சம் சுருக்கினாள். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"போன வெள்ளிக்கிழமை எங்க அண்ணன் மேல கம்பிக் கட்டு போச்சே சார்" என்றாள். "அன்னைக்குக் காத்தே இல்ல. எனக்கு இவர் கை தெரியல."